ஈர மணல் நிறத்தில் ஒரு வீடு

எங்கள் குடும்பங்களில் மகளுக்குத்தான் வீடு. நிக்காஹ் முடிந்ததும் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் எங்கள் ஊரான பெரியபட்டினத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பேச்சைக் கேட்டால் கொத்தனார் வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். கம்பி, ஜல்லி, தளம், பூச்சு. நானும் பத்து வருடம் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் வீட்டை ஒட்டி, ஒரே சுற்றுச்சுவருக்குள், என் ஒரே மகளுக்காக ஒரு வீடு எழும்பியது.

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் வாப்பா கட்டித் தந்த வீட்டில்தான் நான் இன்றும் இருக்கிறேன். வெளியே பச்சை, உள்ளே ரோஸ். அந்த நிறங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆகவே என் மகளிடம், "நீ சொல்றபடியே செய்வோம், எல்லாத்தையும் நீயே பாரு" என்று சொன்னபோது, நான் ஏதோ பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி எனக்கே ஒரு மிதப்பு வந்தது. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவளிடம் விட்டதற்கு நியாயமும் இருந்தது. அவள் மதுரையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீடுகளுக்கு உள்ளே என்ன நிறம், எங்கே அலமாரி, எந்த மாதிரி நாற்காலி என்று கணினியில் வரைந்து தருகிற வேலை. பகலெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக்கு யோசிப்பாள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுல இருக்கிற மாதிரியே போட்டுருங்க" என்பார்கள். இவளும் அழித்துவிட்டுப் பக்கத்து வீட்டை வரைவாள். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது அந்தக் கதைகளைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒருநாள் சொன்னாள், "உம்மா, நான் நெனச்ச மாதிரி ஒரே ஒரு வீடு இந்த ஒலகத்துல நிக்கணும். அது நம்ம வீடா இருக்கட்டும்." அவள் எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் கடைத்தெருவில்கூட என் கையைப் பிடித்து இழுத்ததில்லை. அதனால் அது என் மனதில் நன்றாகவே பதிந்தது.

கத்தாரில் ஒரு ஹோட்டலில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. அந்த ஹோட்டலின் முன்கூடத்தைத் தினமும் ஒரு கோணத்தில் படம் எடுத்து அனுப்புவார். தங்க நிறக் கைப்பிடி, தங்க நிற விளக்கு, கால் வைக்கிற இடத்திலும் தங்கக் கோடு. மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

அவள் யோசனைகளைத் தேடிய விதமே வேறு. ஃபோனில் அழகான வீடுகளை நானும் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாமே பிடித்துப்போகும். அவள் வீடுகளைப் பார்க்கவே மாட்டாள். கருவாடு காயப்போட்ட வலை, மீன்பிடி வள்ளத்தின் பக்கவாட்டில் பழைய நீலத்துக்கு மேல் அடித்த புது நீலம், உடைந்த சங்கின் உள்பக்கம், இவற்றையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு வருவாள். சங்கின் உள்பக்கத்துக்கும் படுக்கையறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "திரைச்சீலைக்கு உம்மா" என்பாள். சரி, படித்த பிள்ளை.

உச்சிப்புளியில் இருந்த ஆசாரியிடம் கட்டில் செய்யக் கொடுத்தோம். அவர் பட்டறைக்கு மேலே அடிக்கடி கடற்படை ஹெலிகாப்டர் போகும். போகிறவரை பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். மகள் கொடுத்த வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வேப்ப மரம், தாழ்ந்த கட்டில், தலைமாட்டில் ஒரே ஒரு மழமழப்பான பலகை. அவ்வளவுதான்.

"கல்யாணக் கட்டிலு பாப்பா. தலமாட்டுல ஒண்ணுமே இல்லாட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலுன்னு நெனச்சிருவாக. ஒரு பூவாச்சும் செதுக்கவா?"

"மரத்துக்குள்ளயே கோடு கோடா அழகு இருக்கே. அதுதான் பூ."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஹெலிகாப்டரைப் பார்த்தேன். அலமாரியின் கதை இன்னும் வேடிக்கை. வெளியே வெறும் மரம். கதவைத் திறந்தால் உள்ளே முழுக்க வள்ளத்து நீலம். யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்கு இவ்வளவு நிறம் என்றேன். திறக்கிறவளுக்குத் தெரியுமே என்றாள்.

சுவருக்கு நிறம் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடல் வற்றிக் கிடந்தது. கையில் பெயின்ட் கடை ஷேட் கார்டு. தண்ணீர் இறங்கிப்போன பிறகு கொஞ்ச நேரம் மணலில் ஒரு நிறம் நிற்கும். சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை, உள்ளே லேசாக ஒரு வெளிச்சம் இருக்கும். அதுதான் வேண்டுமாம். ஷேட் கார்டைக் கீழே வைத்துப் பொருத்திப் பார்ப்பதற்குள் மணல் காய்ந்து வெளுத்துவிடும். உடனே என் தண்ணீர் பாட்டிலை வாங்கி மணலில் ஊற்றுவாள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து, "இது இல்ல, அதுக்குப் பக்கத்துக் கட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடல்பாசி எடுத்துவிட்டு மூட்டையோடு கரையேறிய ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா, கம்மலத் தொலைச்சிட்டியளா? நானும் தேடவா?"

"இல்லம்மா, வீட்டுக்குப் பெயின்ட் பாக்குறோம்."

அவள் கடலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் மணலிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். என் மகளும் நானும் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று சொல்லமாட்டேன். பிறகும் சிரித்திருக்கிறோம். அந்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

பெயின்டர் மண்டபத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் வருவார். முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே பெண் எடுத்தவர். மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் நிறம் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். கார்டில் மகள் பேனாவால் வட்டமிட்டிருந்த கட்டத்தை அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது நல்ல கலர்தான். ஆனா இந்த வெயிலுக்குள்ள இது பெயின்ட் மாதிரித் தெரியாது, சிமெண்ட் மாதிரித்தான் கிடக்கும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது, ஓம்."

மகள் சிரித்தாள். "அண்ணே, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க." அவர் அடித்தார். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் சுத்தமாக அடித்தார். ஐந்து மணிக்கு வாசலில் நின்றும் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். எனக்கோ ஐந்து மணிக்கும் சிமெண்டாகத்தான் தெரிந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்த அழகைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். வீடியோ காலில் அவள் வாப்பா, "என்ன, அங்கன கரண்டு இல்லையா? எல்லாம் சாம்பலாத் தெரியுது?" என்று கேட்டதற்கு அவளே நன்றாகச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. மாப்பிள்ளையின் தாயாரும் அந்தம்மாவின் இரண்டு தங்கைகளும், சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்தார்கள். தங்கள் பையன் வந்து இருக்கப்போகிற வீட்டைப் பார்ப்பது வழக்கம். குறை சொல்லக்கூட மாட்டார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அன்று இரவுக்குள் அவர்கள் சொன்னது, சொல்லாதது, முகத்தைச் சுளித்தது எல்லாம் தெருவில் நடமாட ஆரம்பித்துவிடும். நான் காலையிலிருந்து கூடத்தை மூன்று தடவை பெருக்கிவிட்டேன்.

மகள் உள்ளே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் கூடத்தில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், பூச்சு நல்லா வழவழன்னு இருக்கு லாத்தா. கொத்தனாரு யாரு?"

சொன்னேன்.

"பெயின்ட் எப்ப அடிப்பிய?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அவருடைய தங்கைகளும் என் முகத்தை உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு வீட்டை முடித்துக் கொடுக்க முடியாமல் பாதியில் நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்களோ? இதுதான் பெயின்ட் என்று சொன்னால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே? இரண்டு வார்த்தை போதும்: அடிச்சாச்சு லாத்தா. வாய்வரை வந்தது.

"அடுத்த வாரம்," என்றேன். "இன்ஷா அல்லாஹ்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அல்லாஹ்வையும் என் பொய்யில் இழுத்துவிட்டேன்.

திரும்பினால் மகள் தட்டோடு நின்றாள். அவர்களுக்கு டீ கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகப் பதில் சொன்னாள். அவர்கள் போனபிறகு கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன கலர்னு சொன்னிய, உம்மா?"

"ஏ புள்ள, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"இல்ல, கேப்பாகல்ல. அதான்."

மறுநாள் அவள் மதுரைக்கு பஸ் ஏறினாள். ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டு, "வாரேன் உம்மா" என்று வழக்கம்போலத்தான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை கத்தி, அழுது, கடைசியில் அவள் பக்கம் சாய்ந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவள் சண்டை போடவில்லை என்பதையே நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவள் வாப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஊரோட ஒத்துப் போயிரலாமே. சந்தனக் கலர் அடி, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக" என்றார். திங்கட்கிழமை பெயின்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, புது டப்பாவின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சியிட்டக் கேட்டனீங்களோ அக்கா?"

"கேட்டாச்சு தம்பி."

இரண்டாவது பொய். முதல் பொய் வாய் தவறி வந்தது என்று யாராவது மன்னிக்கலாம். இது நன்றாக யோசித்துச் சொன்னது. முதல் கோட் முடிந்து கூடம் முழுக்கச் சந்தன நிறமான பிறகுதான் மகளுக்கு ஃபோன் செய்தேன். மாப்பிள்ளை வீடு, தெரு, ஊர் வாய் என்று நான் பாட்டுக்கு மூச்சு விடாமல் அடுக்கினேன். அந்தப் பக்கம் ஏதோ அச்சு எடுக்கிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"சரி உம்மா," என்றாள். "மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்."

அன்று அவள் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டு, சாப்பிட்டியளா என்று கேட்டாள்.

பிறகு எல்லாம் என் இஷ்டத்துக்கு நடந்தது. வெறும் பலகையாக இருந்த தலைமாட்டில் ஆசாரி கொடியும் பூவும் ஏற்றினார், அவருக்கும் சந்தோஷம். சங்கு நிறத் திரைச்சீலைக்குப் பதிலாக ராமநாதபுரம் கடையில் மெரூன் நிறத்தில் சரிகை போட்டது கிடைத்தது. கத்தாரிலிருந்து தங்க நிற விளக்கு கார்கோவில் வந்தது. அலமாரிக்குள் இருந்த நீலத்தை மட்டும் தொடவில்லை. வெளியே தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அறை அறையாக எட்டிப் பார்த்து மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்றார்கள். நான் அதைக் கேட்டு வயிறு நிறைந்து நின்றேன். பொய் சொல்லவேண்டாம், அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை தங்கமானவர். ராமநாதபுரத்தில் வேலை, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுகிறார். மகளும் மதுரை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாருக்கோ நிறங்களைப் பற்றிப் பேசுவது என் அடுப்படி வரை கேட்கும். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒன்றே ஒன்றைக் கவனிக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று. அவள் என்னிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் செய்தாள். "உம்மா, இந்த நாற்காலிய ஜன்னலுக்கிட்ட போடவா?" "உம்மா, இங்கன ஒரு ஆணி அடிக்கலாமா?" "உம்மா, ஃபிரிட்ஜ இந்தப் பக்கம் திருப்பட்டுமா?" தெருவில் எல்லாரும் சொன்னார்கள், இந்தக் காலத்தில் இப்படி மரியாதையான பிள்ளையா என்று. நானும் பூரித்துப்போய், ஆணி அடிக்கிற இடத்தைக் கை நீட்டிக் காட்டினேன்.

ஒரு மாலை சம்பந்தியம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார். ஏதேதோ பேச்சுக்கு நடுவே, அன்றைக்கே பெயின்ட் அடித்துத்தான் இருந்தது, அது மகள் தேடிப்பிடித்த நிறம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். அவர் வாயில் கை வைத்தார்.

"அடியாத்தி, அதுவா பெயின்டு? அன்னைக்கே சொல்றதுக்கு என்ன லாத்தா? நான் கேக்கணுமேன்னு ஒண்ணக் கேட்டேன். என் மகன் எந்தச் செவத்தப் பாத்தான், சோறு எங்கன இருக்குன்னுதான் பாப்பான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றேன். யாருடைய வாய்க்குப் பயந்து இதெல்லாம் செய்தேனோ, அந்த வாய்க்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்கவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

இந்த வருடம் ஐப்பசி மழையில் மகள் வீட்டுத் தென்பக்கச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடலோரத்தில் இது நடக்கிறதுதான். மழை விட்டதும் பெயின்டரை வரச் சொன்னேன். எனக்குள் ஒரு சந்தோஷம், மழையே எனக்காகப் பெய்தது மாதிரி. கடையில் புது ஷேட் கார்டு ஒன்று கேட்டு வாங்கிவைத்தேன். அவர் வந்ததும் வாசலில் உட்காரவைத்துவிட்டு, கார்டை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். அவள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் யாருடையதோ ஒரு கூடம், ஏழெட்டு நிறங்களில்.

"ஏ புள்ள, செவரு பூராவும் அடிக்கப்போறோம். எல்லா ரூமுக்கும். என்ன கலர் வேணுமோ நீயே எடு. கட்டிலுக்கும் வேற தலப்பலகை போட்டுக்கிரலாம். திரையையும் மாத்திருவோம். யாரு என்ன சொன்னாலும் நான் பேசிக்கிறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்த பெரியவர்கள் ஏதாவது பரிசு நீட்டினால், வேண்டாம் என்று எப்படி மனம் நோகாமல் சொல்வதென்று யோசிப்பார்களே, அந்த முகம். கார்டை வாங்கினாள். பிரிக்கவில்லை. என் கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இருக்கட்டும் உம்மா. ஒங்க வீடு நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்கு எது புடிக்குதோ அதையே அடிங்க."

சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பி, அந்த யாரோ ஒருவர் கூடத்துச் சுவரை ஒவ்வொரு நிறமாக மாற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் வாசலுக்கு வந்தேன். பெயின்டர் எழுந்து நின்று, என்ன கலர் அக்கா என்று கேட்டார். நான் விரல்களைத் திறந்து, பிரிக்காத கார்டைப் பார்த்தேன்.